பணத்தைக் கொடுக்குமுன் பக்குவத்தைப் பாருங்கள்

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயமாகிய 'அந்நிஸா'வின் தொடக்கத்தில், அநாதைகளின் சொத்தைப் பராமரிப்போருக்கு வல்ல இறைவன் ஒரு வழிமுறையைக் கற்றுத் தருகின்றான். அவ்வநாதைகள் திருமண வயதை எட்டும்வரை அவர்களைச் சோதித்து வரவேண்டும். பொருளைக் கையாளும் பக்குவம் அவர்களிடம் தென்பட்ட பின்னரே அவர்களுடைய சொத்தை அவர்கள் கையில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது சாட்சிகளையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த ஆறாம் வசனத்தின் கருத்தாகும்.

அன்பு வாசகர்களே! இவ்வசனத்தை நாம் பெரும்பாலும் அநாதைகளின் சொத்தைப் பற்றிய சட்டமாக மட்டுமே ஓதிக் கடந்துவிடுகின்றோம். தந்தையை இழந்த பிள்ளையின் பொருளுக்கே இத்தனை எச்சரிக்கை என்றால், தாயும் தந்தையும் உயிரோடிருக்கும் நம் பிள்ளைகள் விஷயத்தில் நமக்குப் பொறுப்பு குறைந்துவிடுமா? வயது வந்துவிட்டது என்பதனால் மட்டும் பொருளை ஒப்படைத்துவிடுமாறு அவ்வசனம் சொல்லவில்லை. வயதோடு பக்குவத்தையும் அது நிபந்தனையாக வைத்திருக்கின்றது. அந்தப் பக்குவத்திற்கு அரபியில் 'ருஷ்து' என்று பெயர்.

இன்று நம் வீடுகளில் நடப்பதென்ன? முன்பெல்லாம் பெருநாள் காசாகச் சில ரூபாய்கள்தாம் பிள்ளைகளின் கைக்கு வந்தன. இன்றோ, கைப்பேசி ஒன்று கைக்கு வந்தவுடனேயே கடைவீதி முழுவதும் பிள்ளையின் உள்ளங்கைக்குள் வந்துவிடுகின்றது. விரலால் ஒருமுறை தொட்டால் பொருள் வீடு தேடி வருகின்றது. மற்றொருமுறை தொட்டால் கடனும் தேடி வருகின்றது. சோதனையும் இல்லை, சாட்சியும் இல்லை, ஒப்படைப்பு மட்டும் நடந்தேறிவிடுகின்றது!

பக்குவம் என்பது யாது?

'ருஷ்து' என்பதற்கு மார்க்கச் சட்ட மேதைகள் தந்துள்ள விளக்கத்தை நாம் சிந்திக்க வேண்டும். ஹனபீ மத்ஹபின்படி பொருளைச் சீராகக் கையாளும் திறனே ருஷ்து ஆகும். ஷாபியீ மத்ஹபில் அதனுடன் மார்க்கப் பற்றும் ஒழுக்கமும் சேர்ந்திருக்க வேண்டும். ஆக, ஒருவன் தொழுகையாளியாக இருப்பது மட்டும் போதாது. பொருளையும் பேணத் தெரிந்தவனாக இருக்கவேண்டும் என்பது தெளிவாகின்றது.

ஹிஜ்ரி 676இல், அதாவது கி.பி. 1277இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதிய 'மின்ஹாஜ்' என்னும் நூல் ஷாபியீ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்று. பொருளை வீணாக்குதல் என்றால் என்ன என்று அந்நூலில் இமாமவர்கள் வரையறுக்குமிடத்தில் மூன்று செயல்களை ஒரே வரிசையில் வைத்துள்ளார்கள். பொருளைக் கடலில் எறிவது அவற்றுள் ஒன்று. ஹராமான காரியத்தில் செலவிடுவது மற்றொன்று. இவ்விரண்டும் நாம் எதிர்பார்ப்பவையே. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னதாக அவர்கள் எதனை வைத்திருக்கின்றார்கள் தெரியுமா? கொடுக்கல் வாங்கலில் மிகையான விலை மோசத்திற்கு ஆளாவதைப் பொறுத்துக்கொண்டு போவதைத்தான்!

எண்ணிப் பாருங்கள். ஏமாற்றுவது பாவம் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கின்றோம். ஏமாறுவதையே வழக்கமாக்கிக்கொள்வதும் பொருளைக் கடலில் எறிவதற்கு நிகரான பொறுப்பின்மை என்பதை என்றேனும் சொல்லியிருக்கின்றோமா? "போகட்டும், பேரம் பேசினால் கௌரவக் குறைவு" என்று நாம் விட்டுவிடும் ஒவ்வொரு முறையும், அருகில் நிற்கும் பிள்ளை அதனைப் பெருந்தன்மை என்று தவறாகப் படித்துக்கொள்கின்றது.

இதனைக் கஞ்சத்தனத்திற்கான போதனை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதே இடத்தில், தான தர்மத்திலும் நல்ல உணவிலும் உடையிலும் செலவிடுவது வீண் விரயமாகாது என்பதே சரியான கருத்து எனவும் இமாமவர்கள் குறிப்பிட்டுள்ளார்கள். விரயமும் இல்லாமல் கருமித்தனமும் இல்லாமல் நடுநிலையில் நிற்பதே இறையடியார்களின் பண்பு என்று 'அல்ஃபுர்கான்' அத்தியாயமும் நமக்கு உணர்த்துகின்றது. பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள் என்பதல்ல நம் பேச்சு; வாங்கக் கற்றுக் கொடுங்கள் என்பதே.

சோதனை நடக்கும் இடம்

சரி, எவ்வாறு சோதிப்பது? ஏட்டைக் கொடுத்து எழுதச் சொல்லியா? இல்லை. மின்ஹாஜ் தரும் விடை வியப்பூட்டுவது. வணிகரின் மகனை வாங்குவதிலும் விற்பதிலும் பேரம் பேசுவதிலும் சோதிக்க வேண்டும். உழவரின் மகனை வேளாண்மையிலும் பணியாட்களுக்குச் செலவிடுவதிலும் சோதிக்க வேண்டும். தொழிலாளியின் மகனை அவன் தொழிலில் சோதிக்க வேண்டும். பெண் பிள்ளைகளை நூல் நூற்பதிலும், பூனை முதலியவற்றிடமிருந்து உணவுப் பண்டங்களைக் காப்பதிலும் சோதிக்க வேண்டும் என்றுகூட அந்நூல் பேசுகின்றது. அது அக்காலத்து இல்லத்தின் நடைமுறை. நூல் நூற்ற கைகள் இன்று சம்பளம் வாங்குகின்றன. சோதனையின் வடிவம் மாறலாம், சோதனை மாறாது.

இன்னும் மூன்று நுட்பங்கள் அங்கே உள்ளன. முதலாவது, இச்சோதனை பருவமடைவதற்கு முன்பே தொடங்கவேண்டும். இரண்டாவது, ஒருமுறை சோதித்தால் போதாது. இரண்டு முறையோ அதற்கு மேலோ சோதிக்க வேண்டும். மூன்றாவது, சிறுவன் பேரம் பேசலாம். ஆனால் ஒப்பந்தத்தை முடிக்கும் வேளையில் பொறுப்பாளரே முன்வந்து முடிக்க வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டமும் 18 வயது நிரம்பாதவரின் ஒப்பந்தத்தைச் செல்லத்தக்கதாக ஏற்பதில்லை என்பதை இங்கே நினைவிற் கொள்க. ஏறத்தாழ ஏழரை நூற்றாண்டுகளுக்கு முந்திய நூலொன்று, பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள், பேசவிடுங்கள், அருகில் நில்லுங்கள் என்று பெற்றோருக்குப் பாடத்திட்டம் வகுத்துத் தந்திருக்கின்றது!

இவ்வாரமே தொடங்கலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் மளிகைச் சீட்டையும் கணக்கான தொகையையும் கொடுங்கள். கடையில் நீங்கள் வாய் திறக்காதீர்கள். ஒரே தேயிலை 250 கிராம் பொட்டலமாக 60 ரூபாய்க்கும், 1 கிலோ பொட்டலமாக 250 ரூபாய்க்கும் இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். பெரிய பொட்டலம் வாங்கினால் மலிவு என்பதே பொதுவான நம்பிக்கை. ஆனால் சிறிய பொட்டலம் நான்கு வாங்கினால் 240 ரூபாய்தான் ஆகின்றது! இக்கணக்கைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள். பொட்டலப் பொருட்களில் ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டுமென 2021இல் திருத்தப்பட்ட விதிகள் கூறுகின்றன. சின்னஞ்சிறு எழுத்தில் உள்ள அவ்வரியைத் தேடிப் படிக்கும் பழக்கம் ஒன்றே ஆண்டு முழுவதும் பயன் தரும்.

அதே பொட்டலத்தில் பிள்ளை படிக்க வேண்டியவை இன்னும் உண்டு. நிகர எடை, தயாரித்த நாள், எதுவரை பயன்படுத்தலாம் என்னும் நாள், தயாரிப்பாளரின் முகவரி, உணவுப் பொருளாயின் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண். அதிகபட்ச சில்லறை விலை என்று அச்சிடப்பட்டிருப்பது எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. அதற்கு மேல் வரி என்றோ, குளிரூட்டும் கட்டணம் என்றோ கேட்கக் கூடாது. ஆனால் அதற்குக் கீழே விற்கத் தடையேதும் இல்லை. அது விலையின் உச்ச வரம்பேயன்றி, பேசக்கூடாத விலை அன்று.

நாயகம் (ஸல்) அவர்களின் கடைவீதி

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியை வெறுத்து ஒதுங்கியவர்கள் அல்லர். அதிலே நடந்து, பொருளைத் தொட்டுப் பார்த்தவர்கள். ஒருமுறை தானியக் குவியல் ஒன்றினுள் அவர்கள் தம் திருக்கரத்தை நுழைத்தபோது, உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னார். அவ்வாறாயின் மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

இந்த ஹதீஸை வியாபாரிக்குரிய எச்சரிக்கையாக மட்டுமே மேடைகளில் நாம் கேட்டு வருகின்றோம். வாங்குபவருக்கும் இதில் பாடம் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் மேற்பரப்பைப் பார்த்துத் திரும்பிவிடவில்லை; உள்ளே கைவிட்டுப் பார்த்தார்கள். நம் பிள்ளைகள் இன்று கைப்பேசித் திரையில் பார்ப்பதெல்லாம் மேற்பரப்பே. வண்ணப்படம் மேற்பரப்பு; ஐந்து நட்சத்திரப் பாராட்டு மேற்பரப்பு; புகழ்பெற்றவர் சிரித்துக்கொண்டே பரிந்துரைப்பதும் மேற்பரப்பு. பொருளைப் பெற்றதற்காகவோ பணம் பெற்றதற்காகவோ ஒன்றைப் புகழ்வோர், அதனை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டுமென 2023 ஜனவரியில் மத்திய அரசின் நுகர்வோர் நலத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. "இவர் இதனைச் சொல்ல யார் பணம் கொடுத்தார்?" என்று கேட்கக் கற்ற பிள்ளையே குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்கும் பிள்ளை.

மற்றொரு நிகழ்ச்சி நம் நெஞ்சைத் தொடுவது. ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்னும் தோழருக்குத் தலையில் ஏற்பட்ட காயத்தால் அறிவிலும் பேச்சிலும் தளர்ச்சி இருந்தது. வணிகத்தில் அவர் அடிக்கடி ஏமாந்தார். அவருடைய வீட்டார் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, அவர் கொடுக்கல் வாங்கல் செய்வதற்கே தடை விதிக்குமாறு வேண்டினர். தோழரோ, வணிகம் செய்யாமல் தம்மால் இருக்க இயலாது என்றார். அப்பொழுது பெருமானார் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? ஒவ்வொரு பேரத்தின்போதும் "ஏமாற்று இருக்கக் கூடாது" என்னும் பொருள்படும் ஒரு சொல்லைச் சொல்லுமாறு அவருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். வாங்கிய பொருளை வைத்துக்கொள்வதா, திருப்பித் தருவதா என்று முடிவு செய்ய மூன்று இரவுகள் அவகாசமும் அவருக்கு உண்டு என்று மற்றோர் அறிவிப்பு கூறுகின்றது.

பெற்றோர்களே! இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுமா? ஏமாறும் பிள்ளையிடமிருந்து பணத்தைப் பறித்துப் பூட்டி வைப்பது எளிது. நாயகம் (ஸல்) அவர்களோ அவருக்கு ஒரு சொல்லையும், சிறிது கால அவகாசத்தையும் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் இவ்விரண்டுமே தேவை. "இதன் ரசீது கொடுங்கள்", "பழுதானால் மாற்றித் தருவீர்களா?", "வேண்டாம், யோசித்து வருகின்றேன்" என்று கூச்சமின்றிச் சொல்லும் நாவு வேண்டும். அவசியமில்லாத எந்தப் பொருளையும் பார்த்தவுடன் வாங்காமல் மூன்று இரவுகள் ஆறப்போடும் பொறுமை வேண்டும். மூன்றாம் நாள் காலையில் அந்த ஆசை எத்தனை முறை தானாகவே கரைந்துபோயிருக்கும் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

திருப்பிக் கொடுக்கும் உரிமை

வாங்கியவருக்கு உள்ள விருப்ப உரிமையை 'கியார்' என்று ஃபிக்ஹு நூல்கள் அழைக்கின்றன. பேரம் முடிந்த பின்னும், அவ்விடத்தை விட்டுப் பிரியும்வரை இருவருக்கும் விலகிக்கொள்ளும் உரிமை உண்டு என்பது ஷாபியீ மத்ஹபு. ஹனபீ மத்ஹபு இதனை வேறுவிதமாக விளங்குகின்றது. ஆனால் காணாமல் வாங்கிய பொருளைக் கண்டபின் ஏற்கவோ மறுக்கவோ அது உரிமை தருகின்றது. பழுதுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையிலோ நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபட்டு நிற்கின்றன. பாலைக் கறக்காமல் மடியில் தேக்கி, கறவை அதிகமுள்ள பிராணிபோல் காட்டி விற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்தவர் அப்பிராணியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றும், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு 'ஸாஉ' பேரீச்சம்பழம் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார்கள்.

நாட்டின் சட்டமும் இன்று இவ்வழியிலேயே நிற்கின்றது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ரசீது தர மறுப்பது முறையற்ற வணிகம் ஆகும். பழுதுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்திற்குள்ளும், காலம் குறிக்கப்படவில்லையெனில் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அவ்வாறே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்னும் பலகையைக் கண்டு அஞ்சித் திரும்பும் பிள்ளைக்கு, பழுதான பொருளுக்கு அப்பலகை பொருந்தாது என்று சொல்லிக் கொடுங்கள். நிறம் பிடிக்கவில்லை என்பது வேறு. பொருள் பழுது என்பது வேறு. இந்த வேற்றுமையையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.

கடைக்காரர் செவிசாய்க்காவிடில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கின்றது. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கின்றது. தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. இரண்டாண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். இத்தனைக்கும் அச்சாணி அந்த ஒரு துண்டு ரசீதே! வீட்டில் ஒரு கோப்பு வைத்து ரசீதுகளைச் சேர்க்கும் வேலையைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள்.

நகைக்கடையில் நம் பெண் பிள்ளை

நம் குடும்பங்களில் வாழ்நாளிலேயே பெருந்தொகை கைமாறும் இடம் நகைக்கடை. மணமாகப் போகும் பெண் ஓரமாக அமர்ந்து வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்; கணக்கைப் பெரியவர்கள் பார்ப்பார்கள். ஆனால் நகை அவளுடையது. அதன் ஜகாத் அவள் பொறுப்பு. ஆபத்துக் காலத்தில் அதனை விற்கப் போகிறவளும் அவளே. கணக்கை அவளல்லவா படிக்க வேண்டும்?

2023 ஏப்ரல் முதல் நாள் தொட்டு, ஹால்மார்க் நகையில் மூன்று குறிகள் இருத்தல் வேண்டும்: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சின்னம், தூய்மையின் அளவு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளம். 22 காரட் என்றால் 916 என்றும், 18 காரட் என்றால் 750 என்றும் இருக்கும். அந்த ஆறு இலக்கத்தை அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். இதனை உங்கள் மகளே தன் கையால் செய்யட்டும்.

அடுத்து சேதாரம். ஐந்து பவுன், அதாவது 40 கிராம் நகைக்கு ஒரு கடை 12 விழுக்காடும் மற்றொரு கடை 18 விழுக்காடும் சேதாரம் போடுவதாக வைத்துக்கொள்வோம். முதற்கடையில் 4.8 கிராம்; இரண்டாம் கடையில் 7.2 கிராம். வேற்றுமை 2.4 கிராம் தங்கம்! ஆனால் இரண்டு கடைகளின் வாசலிலும் கிராம் விலை ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கும். கல் பதித்த நகையாயின் கல்லின் எடையைக் கழித்துத் தங்கத்தின் நிகர எடை என்னவென்று கேட்க வேண்டும்; இல்லையேல் கல்லுக்கும் தங்க விலை கொடுக்க நேரும்.

பழைய நகையைக் கொடுத்துப் புதிய நகை வாங்குவோர் மார்க்கத்தின் ஒரு நுட்பத்தையும் மறக்கலாகாது. தங்கத்திற்குத் தங்கத்தை எடை கூட்டியோ குறைத்தோ மாற்றுவது வட்டியின் வகையைச் சேர்ந்தது. தரம் குறைந்த பேரீச்சம்பழத்தைக் கூடுதலாகக் கொடுத்து நல்ல பழத்தைக் குறைவாகப் பெற்றுவந்த ஒருவரிடம், முதலில் உள்ளதைத் திர்ஹமுக்கு விற்றுவிட்டு அப்பணத்தால் நல்லதை வாங்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அவ்வாறே பழைய நகையைத் தனியே விற்று, பணத்தைக் கையில் பெற்று, பின்னர் புதியதை வாங்குங்கள். இதில் உலகப் பயனும் உண்டு. பழைய நகைக்கு என்ன விலை கிடைத்தது என்பது அப்பொழுதுதான் தெளிவாகத் தெரியும்.

திரைக்குள் விரிக்கப்படும் வலைகள்

வாங்கும் எண்ணமில்லாத ஒருவர், பிறரைத் தூண்டுவதற்காகவே விலையை ஏற்றிக் கேட்பதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். நாயகம் (ஸல்) அவர்கள் இதனைத் தடை செய்தார்கள். அன்று அதற்கு ஒரு கூட்டாளி தேவைப்பட்டார். இன்று இயந்திரமே அவ்வேலையைச் செய்கின்றது. "இன்னும் இரண்டே உள்ளன", "பத்து நிமிடத்தில் சலுகை முடிகின்றது", "இதனை இப்பொழுது நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்" என்று திரையில் ஓடும் வாசகங்கள் உண்மையாயின் தகவல்; பொய்யாயின் நஜ்ஷின் உடன்பிறப்பு.

2023 நவம்பர் 30ஆம் நாள் மத்திய அரசு இத்தகைய தந்திரங்களில் பதின்மூன்று வகைகளைப் பெயர் சுட்டித் தடை செய்தது. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது. வாங்குபவர் சேர்க்காத பொருளையோ நன்கொடையையோ கூடைக்குள் நுழைப்பது. வேண்டாம் என்பவரை வெட்கப்படச் செய்வது. சந்தா சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்குவது. முதலில் ஒரு விலையைக் காட்டி இறுதியில் கட்டணங்களைச் சேர்ப்பது ஆகியன அவற்றுட் சில. பிள்ளையை அருகில் அமர்த்தி, ஏதேனும் ஒரு பொருளைக் கடைசித் திரைவரை கொண்டுசென்று, பணம் செலுத்தாமல் நிறுத்துங்கள். முதல் திரையின் விலைக்கும் கடைசித் திரையின் விலைக்கும் உள்ள வேற்றுமையைப் பிள்ளையே சொல்லட்டும். மின்ஹாஜ் சொல்லும் சோதனையின் இக்கால வடிவம் இதுவே.

கைப்பேசியில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை, அனுப்புவதற்கே தேவை. "உங்களுக்குப் பணம் வந்திருக்கின்றது, எண்ணை அழுத்துங்கள்" என்று எவரேனும் சொன்னால் அது மோசடி. இந்த ஒன்றை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்தல் வேண்டும். ஏமாந்துவிட்டால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

கடன் என்னும் கண்ணி

மற்ற எல்லாவற்றையும்விட அஞ்சத்தக்கது கடன். ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இறந்தவருக்குக் கடன் இருந்ததையும் அதனைத் தீர்க்க அவர் எதுவும் விட்டுச் செல்லவில்லை என்பதையும் அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள், தாம் தொழவைக்க முன்வராமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பின்னரே தொழவைத்தார்கள். இரண்டு மூன்று தீனார்களின் கடன் இத்தனை கனமானது என்றால், ஆடம்பரக் கைப்பேசிக்காக வட்டிக் கடன் வாங்கும் இளைஞன் தன் தோளில் எதனை ஏற்றிக்கொள்கின்றான்?

"வட்டியில்லாத் தவணை" என்னும் விளம்பரம் நம் இளைஞர்களை எளிதில் கவர்கின்றது. கடன் அட்டைகளில் வழங்கப்படும் அத்தகைய திட்டங்களில் வட்டி பெரும்பாலும் நடைமுறைக் கட்டணம் என்னும் பெயரில் மறைந்திருக்கின்றது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சுட்டிக்காட்டியது. ரொக்கத்திற்கு 18,000 ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் தவணையில் 20,000 ரூபாயும், கட்டணம் 300 ரூபாயும் ஆகுமாயின், அந்த 2,300 ரூபாய் எதற்கு என்று கேட்கச் சொல்லுங்கள். வியாபாரியே தவணைக்குரிய ஒரே விலையை ஒப்பந்தத்தின்போது உறுதி செய்து விற்பதைப் பெரும்பாலான இமாம்கள் அனுமதித்துள்ளார்கள். இடையில் ஒருவர் கடன் கொடுத்து அதன்மேல் வட்டி பெறுவதும், தாமதமானால் தொகையைக் கூட்டுவதும் அந்த அனுமதிக்குள் அடங்கமாட்டா.

சில நிமிடங்களில் கடன் தருவதாகக் கூறும் செயலிகள் இன்னும் கொடியவை. தவணை தவறினால் இளைஞனின் கைப்பேசியிலுள்ள உறவினர் எண்களுக்கெல்லாம் அழைத்து அவமானப்படுத்திய கொடுமைகள் நம் நாட்டில் நடந்துள்ளன. மானத்திற்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. கடன் செயலிகள் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்தது. எனினும் விதியை மதிக்காத கள்ளச் செயலிகளுக்கு விதி எம்மாத்திரம்? ஆகவே உங்கள் மகனிடம் இன்றே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "மகனே! பணத்தில் எந்தத் தவறு நேர்ந்தாலும் முதலில் என்னிடம் வா. நான் கோபிக்கலாம்; ஆனால் கைவிடமாட்டேன்." இவ்வொரு வார்த்தை பல வீடுகளில் ஓர் உயிரையே காக்கக்கூடும்.

தராசின் மறுதட்டு

இத்தனையும் கற்ற பிள்ளை கெட்டிக்காரனாகிவிடுவான். ஆனால் கெட்டிக்காரத்தனம் மட்டும் ருஷ்து ஆகிவிடாது. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவில் மோசடி செய்வோரின் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. தாம் வாங்கும்போது நிறைவாக அளந்து பெற்று, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களை அது கண்டிக்கின்றது. தன் உரிமையில் மட்டும் கண்ணாயிருந்து பிறர் உரிமையை மறப்பவன் அந்தக் கண்டனத்திற்கு அஞ்ச வேண்டாமா?

பெருநாளைக்குப் புத்தாடையை வாங்கி, விலைச்சீட்டை உள்ளே மறைத்து அணிந்து, தொழுகைக்கும் விருந்துக்கும் சென்று வந்து, மறுநாள் "அளவு சரியில்லை" என்று திருப்பி அனுப்பும் தந்திரம் சில இளைஞர்களிடம் தென்படுகின்றது. அந்தத் தானிய வியாபாரி ஈரத்தை அடியில் மறைத்தார்; இவர் அழுக்கை மடிப்பில் மறைக்கின்றார். வேற்றுமை என்ன? நாலணா லாபத்தில் கீரை விற்கும் மூதாட்டியிடம் கடுமையாகப் பேரம் பேசிவிட்டு, பெரிய கடையில் வாய்மூடி நிற்பதும் பக்குவம் அன்று. வலியவரிடம் கணக்குக் கேட்கவும் எளியவரிடம் விட்டுக்கொடுக்கவும் அறிந்த பிள்ளையே ருஷ்து பெற்ற பிள்ளை. வாங்கும்போதும் விற்கும்போதும் பெருந்தன்மையோடு நடந்துகொள்பவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அருள் வேண்டியிருக்கின்றார்கள் அன்றோ!

நம்மில் பலர் வணிகக் குடும்பத்தினர். இன்று வாங்கப் பழகும் பிள்ளை நாளை கல்லாவில் அமரப் போகின்றது. ஏமாற்றத்தின் வலியை வாங்குபவனாக அறிந்தவன், விற்பவனாக இருந்து அதனைப் பிறருக்குச் செய்யத் துணியமாட்டான்.

முடிவாக ஒன்று. பிள்ளைகள் நம் சொல்லைக் கேட்பதைவிட நம் செலவையே மிகுதியாகக் கவனிக்கின்றன. அண்டை வீட்டுத் திருமணத்தைப் பார்த்துக் கடன் வாங்கிப் பந்தல் போடும் தந்தை, மகனிடம் சிக்கனம் பேசினால் அது எடுபடாது. மாதம் ஒருமுறை இஷாத் தொழுகைக்குப் பின் குடும்பத்தோடு அமருங்கள். வந்தது எவ்வளவு, சென்றது எவ்வளவு, அதில் எது தேவை, எது பிறர் பார்வைக்காக என்று மறைக்காமல் பேசுங்கள். பிள்ளையையும் கருத்துச் சொல்ல விடுங்கள். பொருளை எவ்வழியில் ஈட்டினோம், எவ்வழியில் செலவிட்டோம் என்னும் இரண்டு கேள்விகளும் மறுமையில் நமக்காகக் காத்திருக்கின்றன. முதற் கேள்விக்காக நாம் உழைக்கின்றோம். இரண்டாம் கேள்விக்கு நம் பிள்ளைகளை இப்பொழுதே ஆயத்தப்படுத்துவோம்.

வல்ல நாயன் நம் மக்களுக்குப் பொருளோடு பக்குவத்தையும், ஈட்டும் ஆற்றலோடு பேணும் அறிவையும் தந்து, நம் இல்லங்களில் பரக்கத்தைப் பொழிந்தருள்வானாக! ஆமீன்.